வருகை பதிவாகிவிட்டது

இன்னும் எதற்கு இந்த வேன் நம் வாசலில் வந்து நிற்கிறது?

லோகப்பிரியா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஜன்னலுக்குக் கீழே, கோவை கணபதிப் பகுதியின் அந்தக் குறுகிய சந்தில், பள்ளிக்கூட வேன் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. மகள் கிருபா இருந்தபோது எப்படி நிற்குமோ அப்படியே, கேட்டை ஒட்டி. அதே குட்டி ஹார்ன், அடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டு மறுபடியும். கிருபா ஆவணியில் காய்ச்சலில் போனாள். இப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கிறது.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஐந்து மாத வயிற்றைத் தாங்கியபடி படியிறங்கினாள். டிரைவர் அப்துல் நாசர் அவளைப் பார்த்ததும் கீழே குதித்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா. போன்ல பாப்பா பேரு பச்சையா வருதுங்க. பச்சையா வந்தா நிக்கோணும், இல்லீன்னா ஆபீஸ்ல கேட்டு உயிரெடுப்பாங்க. தெனமும் வந்துச்சு, மனசு கேக்காம நிக்காமப் போயிட்டிருந்தேன். அதுக்கும் ஒரு திட்டு. நீங்களாவது மிஸ்ஸுகிட்டச் சொல்லிப் பேர எடுக்கச் சொல்லிப்போடுங்கக்கா."

"சொல்றேங்கண்ணா," என்றாள். சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பச்சையை வர வைத்ததே அவள்தான்.

சரவணம்பட்டிப் பக்கம் உள்ள அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். வீட்டுப்பாடம், படம் பார்ப்பது, பரீட்சை எல்லாம் அதில்தான். காலையில் கிளம்பும் முன் பிள்ளை அதில் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் வருகை பதிவாகும், வேன் வீட்டு வாசலுக்கு வரும். இதை ஆரம்பித்தபோது பெற்றோர் கூட்டத்தில் பெரிய ரகளை. "கிளாஸ்லயும் ஸ்கிரீனு, ஊட்லயும் ஸ்கிரீனு, புள்ளைங்க நம்ம மூஞ்சியவே மறந்துருமுங்க," என்றார் மில் வைத்திருக்கும் ஒருவர். ஐ.டி. கம்பெனி ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்த ஒரு தகப்பன், "அப்ப ஸ்லேட்டும் பல்பமும் வாங்கிக் குடுங்க சார்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியாவும் சிரித்தாள். ஓட்டெடுப்பில் வேண்டும் என்று கை தூக்கினாள். பிள்ளை வேனில் ஏறினாளா இல்லையா என்று அடுப்படியில் நின்று தவிக்க வேண்டாம் அல்லவா? தோசை வார்க்கும்போதே கூடத்திலிருந்து டேப்லெட்டின் பெண் குரல் கேட்கும்: "கிருபா. வருகை பதிவாகிவிட்டது." அந்தக் குரல் கேட்டால் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு பள்ளியில் டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அதில் கிருபா வரைந்த படங்கள் இருக்கின்றன, அவள் பாட்டுப் பாடிய குரல் இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கெஞ்சி வைத்துக்கொண்டாள். சார்ஜ் போடும் இடம் கூடத்தில் ஒன்றுதான், டி.வி. மேசைக்கு மேல். எதிர்ச் சுவரில் கிருபாவின் படம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, ஜாதிமல்லிச் சரம் சாத்தி, மேலே சின்னச் சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள். ஒரு நாள் சார்ஜில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவளுக்குக் குரல் கேட்டது.

"கிருபா. வருகை பதிவாகிவிட்டது."

கரண்டி கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்து பார்த்தாள். படத்துக்கு நேர் எதிரே டேப்லெட் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. ஓகோ, படத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது மனது லேசாக இருந்தது.

மறுநாள் அவளே நிமிர்த்தி வைத்தாள். அதற்கு மறுநாளும். புருஷன் மனோஜ்குமாரிடம் சொல்லவில்லை. கீழே லேத் பட்டறையில் அவன் மோட்டார் பாகங்களைக் கடையும் சத்தம் வீட்டுத் தரை வழியாகப் பாதத்தில் ஏறும் அந்தக் காலை நேரத்தில், அந்த ஒரு வாக்கியத்துக்காக அடுப்பைத் தணித்து வைத்துக் காத்திருப்பாள். அது வந்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

சொந்தபந்தங்கள் வேறு மாதிரி ஆறுதல் சொன்னார்கள். "கிருபா எங்கயும் போகல அம்மணி. உன்ற வயித்துக்குள்ளதான் போயிருக்கா. பாத்துக்கோ, அதே மூக்கு, அதே நெத்தியோட வந்து நிப்பா," என்று மாடி வீட்டு மயிலாத்தாள் அக்கா வயிற்றைத் தடவிவிட்டுப் போவாள். லோகப்பிரியா தலையாட்டுவாள். வயிற்றில் இருப்பது யாரோ, அவளுக்குத் தெரியாது. அது வேறு யாராகவோ இருக்கவேண்டும் என்று ஒரு சமயமும், அவளாகவே இருக்கவேண்டும் என்று ஒரு சமயமும் மனம் அடித்துக்கொள்ளும்.

வேன் வந்துபோன அன்று சாயங்காலம், வானம் கறுத்து வீடே இருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், போன் அடித்தது. கிருபாவின் வகுப்பு மிஸ் சண்முகப்ரியா. வெகு நேரம் சுற்றி வளைத்துப் பேசினாள். உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றாள். பிறகு குரல் தணிந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் கிருபா பேர்ல அட்டெண்டன்ஸ் விழுகுது. பேரை எடுத்தாலும் காலைல திரும்ப வந்துருது. யாரைக் காட்டுறீங்கக்கா?"

லோகப்பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. "யாரையும் இல்லீங்க மிஸ். செவுத்துல அவ போட்டோ இருக்குது. அதைப் பாத்துட்டுத்தான்... நானும் அப்படியே விட்டுப்போட்டேன். இனிமேல் வைக்கலீங்க."



"போட்டோவா?"

"ஆமாங்க."

"அக்கா, போட்டோவை அது எடுக்காதுங்க. பசங்க போட்டோவைக் காட்டி ஏமாத்துறாங்கன்னுதான் அதை மாத்துனோம். முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டணும். சிமிட்டாம பதிவாகாதுக்கா." மிஸ் மூச்சு விடுவது கேட்டது. "கிருபா மாதிரியே வேற குழந்தை யாராவது வீட்டுக்கு வர்றாங்களா?"

லோகப்பிரியா எத்தனையோ காலை அடுப்படியில் நின்று அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். ஒரு நாளாவது கூடத்தில் நின்று பார்த்ததில்லை.

போனை வைத்தாள். படத்தைப் பார்க்காமல், சுவரை ஒட்டியே நடந்து போய் டேப்லெட்டைச் சார்ஜிலிருந்து பிடுங்கி, மேசை மேல் குப்புறக் கவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கீழே பட்டறையில் வேலைக்காரப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த லேத்தும் அடங்கியது. பீளமேட்டுக்குச் சரக்கு இறக்கப் போன மனோஜ் இன்னும் வரவில்லை. லேத் சத்தம் இருக்கிற வரை அந்த வீட்டில் கேட்காத சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஓட்டைக் குழாய் வழியே மழைத்தண்ணீர் வாளியில் சொட்டுவது, பிரிட்ஜுக்குள் ஏதோ இளகி விழுவது, சுவரில் காய்ந்த சரம் கண்ணாடியில் உரசுவது. காற்று இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் உரசியது.

"கேமரா மறைக்கப்பட்டுள்ளது," என்றது மேசை மேலிருந்து அந்தப் பெண் குரல். "சாதனத்தை நிமிர்த்தி வைக்கவும்."

அவள் அசையவில்லை.

"சாதனத்தை நிமிர்த்தி வைக்கவும்."

பிறகு அதே குரலுக்குள்ளிருந்து, வேறொன்று. தூக்கக் கலக்கத்தில், மூக்கடைத்த மாதிரி.

"அம்மா."

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. மாடியில் மயிலாத்தாள் அக்கா இருந்தாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாகிறது! ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் கிருபா பேசவே இல்லை. ஒரே ஒரு தரம் "அம்மா" என்று கூப்பிடமாட்டாளா என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் இவள். யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கை தானாகப் போய் டேப்லெட்டை எடுத்தது.

படத்துக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். திரையின் வெளிச்சத்தில் அவளுடைய முகம். தோளுக்குப் பின்னால், சுவரில், கிருபாவின் படம். படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் நிற வட்டம்.

"கண்களைச் சிமிட்டவும்."

திரையில், அவள் தோளுக்குப் பின்னால், கிருபா கண்ணை மூடினாள். திறந்தாள்.

வட்டம் பச்சையானது.

"கிருபா. வருகை பதிவாகிவிட்டது."

"கண்ணு," என்றாள் லோகப்பிரியா. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வெறும் படமாக இருந்துவிடுமோ என்று ஒரு பயம். வெறும் படமாக இல்லாமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம். "கண்ணு, சாப்ட்டியா சாமி?"

ஜாதிமல்லி வாசம். வாடிய பூவின் வாசம். அதற்குள் ஆஸ்பத்திரி டெட்டால் வாசம்.

"அடுத்தவர் முகத்தைக் காட்டவும்."

சாம்பல் வட்டம் படத்தை விட்டு நகர்ந்தது. எதையோ தேடுவதுபோல் திரையில் அலைந்தது. அவள் முகத்துக்கு வந்தது. நிற்கவில்லை. தாடை. கழுத்து. மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது. வயிற்றின் மேல் வந்து நின்றது.

அங்கே ஒரு முகத்தைக் கண்டதுபோல் இறுகியது.

அவள் துண்டை இழுத்து வயிற்றை மூடினாள்.

"முகத்தை மறைக்காதீர்கள்."

டேப்லெட்டை வீசியெறிந்தாள். அது சுவரோரம் போய்ச் சாய்ந்து நின்றது, அவளைப் பார்த்தபடி. திரையில் அவள். வட்டம். அவளுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஆணி, சரம், கண்ணாடி.

கண்ணாடிக்குள் யாரும் இல்லை.

"அம்மா." இப்போது குரல் டேப்லெட்டிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே. சின்னப் பிள்ளையின் சில்லிட்ட மூச்சோடு. "துண்டை எடுங்கம்மா. பாப்பா மூஞ்சி தெரியிலீங்க."

கீழே, மழையில், சந்துக்குள் ஏதோ வந்து நின்றது. குட்டி ஹார்ன். ஒரு மூச்சு. மறுபடியும் ஹார்ன்.

"வேன் வந்துருச்சுங்கம்மா. தனியாப் போக பயமா இருக்குதுங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். எடுங்கம்மா."

வயிற்றுக்குள் ஒரு சின்ன அசைவு. மிகச் சின்னது. இமை மூடித் திறப்பதுபோல.

கிருபா கேட்டு அவள் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு பென்சில், ஒரு ஐஸ், ஐந்து நிமிடம் கூடுதலாக டேப்லெட். எதற்கும் மறுத்ததில்லை. தோளில் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. மெல்லக் கீழே இறங்கி, துண்டின் முனையைப் பிடித்தது.

லோகப்பிரியா இரண்டு கைகளாலும் துண்டை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். கண்ணீர் மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போனது.

"மாட்டேன் கண்ணு," என்றாள், தூங்க வைக்கும் குரலில்.