ஈரம் காயாத ஸ்பீக்கர்

கிடைத்த வெயிலில் மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தான், சூடு ஆறாத தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், தண்ணீரில் விழுந்த செல்போனுக்குச் செய்வதுபோல அரிசி வாளிக்குள் புதைத்தும் பார்த்தான். அந்த ஸ்பீக்கர் காயவில்லை. துடைத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும்; பிறகு கறுப்புக் காகிதக் கூம்பின் விளிம்பில், அதே இடத்தில், வியர்வை மாதிரி நீர் துளிர்க்கும். இத்தனை ஈரத்துக்குக் காகிதம் ஊறிக் கூழாகியிருக்க வேண்டும். அதுவோ புதிது போல விறைப்பாக இருந்தது. முகர்ந்தால் பாசியும் சேறும் கலந்த ஏரி வாசனை. ஜெரால்ட் பழியை மழைக்காலத்தின் மேல் போட்டான். கும்மிடிப்பூண்டியில் மார்கழியில் துவைத்த துணியே காய்வதில்லை, இது எங்கே காயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்குக் காரணமா கிடைக்காது?

அவனுக்கு அது வேண்டும். மகள் ஏஞ்சலினுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வீட்டிலேயே ஒரு வீடியோ கேம் பெட்டி செய்துகொண்டிருந்தான். நின்றுகொண்டு ஆடும் உயரத்தில் பிளைவுட் கூடு, உள்ளே பழைய டப்பா டிவி, இடுப்பளவில் ஜாய்ஸ்டிக்கும் கலர் பட்டன்களும் பதித்த பலகை. எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டது, ஸ்பீக்கர்தான் அவன் உயிரை வாங்கியது. ஏஞ்சலினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மெஷினை மாட்டிவிட்டால் பிடுங்கி எறிவாள். ஆனால் உள்ளங்கையால் கேட்பாள். தூரத்தில் கூட்ஸ் வண்டி வருவதை, சுவரில் கை வைத்து, வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சைகையில் சொல்பவள் அவள்தான்.

முதலில் கம்ப்யூட்டருக்கு வைக்கிற குட்டி ஸ்பீக்கர் இரண்டைப் பொருத்தினான். ஏஞ்சலின் கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்பா மனம் நோகக் கூடாதென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைக் குத்தியது. அடுத்து ஆட்டோவில் மாட்டும் ஸ்பீக்கர்களை டிவிக்கு மேலே, முகத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி வைத்தான். காது உள்ளவர்களுக்கு அது பிரமாதம். கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பட்டன் பலகைக்கு அடியில் தாழ்ந்த ஒலியை அதிர வைக்கும் ஒரு கனமான வூஃபர் ஸ்பீக்கர் வேண்டும், அதன் இடி பலகை வழியாக நேராக உள்ளங்கையில் இறங்க வேண்டும். சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினான். காட்டியதெல்லாம் மேலே மினுக்கு, உள்ளே பொத்தான் அளவு காந்தம்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது.

அவன் வேலை சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் பழைய இரும்பு யார்டில், நைட் ஷிஃப்ட். ஆள் செத்த வண்டி வந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி பச்சையப்பன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டுவார். பிறகு அந்த வண்டியிலிருந்து யாரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. முழுசாக அமுக்கிக் கட்டாக்கி, அப்படியே உலையில் போட வேண்டும். ஏதாவது ஒன்று வெளியே தங்கிவிட்டால், போக வேண்டியவர்கள் அதைத் தேடிக்கொண்டு நின்றுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

அது பள்ளிக்கூட வேன். ஊத்துக்கோட்டைப் பக்கம், அடைமழையில் சாலை எது கரை எது என்று தெரியாமல் பிள்ளைகளோடு ஏரிக்குள் இறங்கிவிட்டது. டிரைவர் பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது. கடைசி சீட்டுக்கு அடியில் எட்டு அங்குல வூஃபர் வைத்திருந்தான். பச்சையப்பன் கற்பூரம் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஜெரால்ட் அதைக் கழற்றினான். கையில் எடுத்ததும் மணிக்கட்டு இறங்கியது, அவ்வளவு கனமான காந்தம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கு எலுமிச்சை என்ன, பூசணி என்ன என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்பீக்கர் என்பது திருப்பிப் போட்ட மைக். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரின் மைக் துளையில் செருகி, அதற்குள் கத்தி விளையாடியவன்தான் அவன். பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது அன்றைக்கு என்னென்ன கேட்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டான்.

காயாவிட்டால் போகட்டும் என்று ஒரு பகலில் அதைப் பொருத்த உட்கார்ந்தான். மனைவி விக்டோரியா பிஸ்கட் கம்பெனிக்குப் பகல் ஷிஃப்ட் போயிருந்தாள். அரையாண்டு லீவில் இருந்த ஏஞ்சலின் உள்ளறையில் தூங்கினாள். பட்டன் பலகைக்குக் கீழே இருந்த முன்பலகையில் வட்டம் போட்டு, ஜிக்சா ரம்பத்தால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அதிர்வு வீணாகாமல் இருக்கச் சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டினான். நான்கு போல்ட்டையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் கோணி, கூம்பு உரசும். உரசுகிறதா என்று பார்க்கக் கூம்பின் நடுவில் விரல் நுனிகளை வைத்தான். அது மெதுவாக முன்னால் வந்து அவன் விரலைத் தொட்டது. பிறகு உள்ளே போனது. மறுபடி வந்தது, தூங்கும் பிள்ளையின் வயிறு மாதிரி.

வயர் இன்னும் இணைக்கவில்லை.

கையை உதறிக்கொண்டு எழுந்தான். தூக்கம் இல்லாத உடம்பு, நரம்பு துடிக்கிறது என்று ஒரு டீ போட்டுக் குடித்தான். பிறகு வயர் கொடுத்து டிவியைப் போட்டால், திரையின் அடியில் பச்சையாக ஒரு கறை. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, காந்தம் பக்கத்தில் இருந்தால் டப்பா டிவியில் கலர் கெடும். டிவியை ஒரு சாண் மேலே ஏற்றி வைத்தான். கறை போகவில்லை. மறுநாள் அது இன்னும் இரண்டு விரல் உயர்ந்து, திரையின் குறுக்கே நேர்கோடாக நின்றது. தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல.

விக்டோரியா வேலையிலிருந்து வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "இன்னாய்யா இது, ஊடெல்லாம் ஏரி நாத்தம் அடிக்குது?"

"மழ பேஞ்சிகினு கீதுல்ல. சாக்கடை ரொம்பியிருக்கும்."

அன்று சாயங்காலம் மகளைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி விளையாட்டைப் போட்டான். திரையில் குண்டு வெடித்தது. பலகை அதிர்ந்தது. ஏஞ்சலினின் கண்கள் விரிந்தன, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்தாள், தோள் வரை நடுங்கிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்து, யாரோ ரகசியம் சொல்வது போல உற்றுக் கவனித்தாள். வாயைத் திறந்தாள்.

"அப்பா."

கரகரப்பு இல்லை, குழறல் இல்லை. தெளிவான, துலக்கமான குரல்.

விக்டோரியா கையில் இருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள். ஜெரால்ட் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எட்டு வருஷம் அந்த ஒரு சொல்லுக்காக வேளாங்கண்ணிக்கு எத்தனை முறை நடந்திருக்கிறான்! கர்த்தரே, கர்த்தரே என்று நெற்றியைத் தரையில் முட்டினான். அந்தச் சந்தோஷத்தில், மகள் அதைச் சொன்னபோது தன்னைப் பார்க்கவில்லை, பலகைக்கு அடியில் இருந்த ஸ்பீக்கரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அவளைப் பெட்டியிலிருந்து பிரிக்க முடியவில்லை. சோற்றுக்கும் வரமாட்டாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "தள்ளு." "பையி." "இருட்டு." விக்டோரியா எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினாள். ஒருநாள் மட்டும் அவள் கை நின்றது.

"ஏய்யா, 'அங்கிள்'னு சொல்லுது. நம்ப ஊட்டுக்கு அங்கிள்னு யாருய்யா வர்றாங்க?"

ஜெரால்ட் வயரைச் சரிபார்ப்பது போலப் பெட்டியின் பின்பக்கம் குனிந்துகொண்டான். வேன் டிரைவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புயல் வந்த அன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். ஆலைக்கு விடுமுறை விட்டார்கள்; விக்டோரியாவின் கம்பெனி பஸ் மட்டும் எப்போதும் போல வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. நடுப்பகலே அந்தி போல மங்கிக் கிடந்தது. மொட்டை மாடியில் மழை கொட்டும் இரைச்சலுக்கு நடுவே போன் அடித்தது. பச்சையப்பன்.

"ஜெரால்டு, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த ஸ்கூல் வேன்லருந்து எதுனா கயட்டினியா?"

"இல்லண்ணா. ஏன்?"

"அந்தக் கட்டு காயவே மாட்டேங்குது நைனா. ஷெட்டுக்குள்ள போட்டு வச்சும் தண்ணி சொட்டிக்கினே கீது. ஈரத்தோட உலையில போட்டா வெடிச்சி ஆளைத் தூக்கிடும், உனுக்கே தெரியும். எதுவோ ஒன்னு கொறையுதுடா அதுல. யாருனா எடுத்திருந்தா குடுத்துடச் சொல்லு. நான் ஒன்னும் கேக்கமாட்டேன்."

"நான் எடுக்கலண்ணா."

போனை வைத்தான். நான்கு போல்ட். கழற்ற எத்தனை நேரம் ஆகப்போகிறது? மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் வைத்துப் பச்சையப்பன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஸ்பானரைக்கூட எடுத்துவிட்டான். பெட்டிக்கு முன்னால் நின்ற மகளின் முதுகைப் பார்த்தான், பின்னிய இரட்டைச் சடையைப் பார்த்தான். இதை எடுத்துவிட்டால் அந்தக் குரல் போய்விடும். அது நிச்சயமாகத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு நாள். அவள் அம்மாவைப் பார்த்து 'அம்மா' என்று ஒருமுறை சொல்லிவிடட்டும். நாளைக்குக் கொடுத்துவிடலாம். பெற்ற மனம், அது அப்படித்தான் பேரம் பேசும்.

ஸ்பானரைக் கீழே வைத்தான். கரண்ட் போனது.

டிவி அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மழை மட்டும். மழைக்கு அடியில், மிகத் தாழ்வாக, இன்னொரு ஒலி: தொம், தொம், தொம். காதுக்கு வரும் முன்பே பாதத்துக்கு வந்துவிட்டது. அவன் குனிந்து பார்த்தான். பலகைக்கு அடியில், மின்சாரமே இல்லாமல், கறுப்புக் கூம்பு முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து நீர் கோடாக இறங்கி, ஏஞ்சலினின் பாதங்களைச் சுற்றிக் குளமாகத் தேங்கி நின்றது.

"அப்பா," என்றாள் அவள்.

ஒரு பையனின் குரல்.

"அப்பா வருவாரு. அழாத." இது வேறு குரல், கொஞ்சம் பெரிய பெண். "கால எடு. எங்காலு சீட்டுல மாட்டிக்கினு கீது." இது மறுபடி அந்தப் பையன். "அங்கிள், கதவத் தொறங்க. அங்கிள். அங்கிள்."

அந்த 'அப்பா' அவனைக் கூப்பிட்டதே இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. எங்கோ ஊத்துக்கோட்டைப் பக்கம் வீட்டில், மழையைப் பார்த்துக்கொண்டு, வேனுக்காகக் காத்திருந்த யாரோ ஒரு தகப்பனுக்குச் சொன்னது. அதைத் திருடி வைத்துக்கொண்டு இத்தனை நாள் இவன் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாய்ந்தான். வயரைப் பிடுங்கினான். துடிப்பு நிற்கவில்லை. ஸ்பானரைத் தேடக்கூட நேரமில்லை. பலகையை உதைத்தான், பிளைவுட் பிளந்தது, கூம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். போல்ட் தெறித்தது. விரல் கிழிந்தது. ஸ்பீக்கர் கையோடு வந்தது.

கனமே இல்லை. காய்ந்திருந்தது. உலர்ந்த சருகு போல, விரல் பட்டதும் காகிதம் பொடியாக உதிர்ந்தது.

தொம், தொம், தொம்.

ஒலி நிற்கவில்லை.

ஜெரால்ட் திரும்பினான். ஏஞ்சலின் அதே இடத்தில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கண்கள் அவனைப் பார்த்தன, இந்த முறை அவனைத்தான். அவள் கண்கள்தான். பயந்துபோன, கெஞ்சுகிற, அவன் மகளின் கண்கள். உதடுகள் ஒரே சொல்லை, சத்தமே இல்லாமல், மறுபடி மறுபடி கூட்டின. இந்த 'அப்பா' அவனைத்தான். ஆனால் தொண்டையிலிருந்து வந்தது வேறு. ஒன்று, இரண்டு, பத்து. எல்லாக் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

"தொறங்க."

வாயோரம் தண்ணீர் வழிந்தது. பச்சையாக.

"ஏஞ்சல். ஏஞ்சல் கண்ணு." அவளை வாரி எடுத்தான். ஒரு பிள்ளையின் கனம் இல்லை அது. நெஞ்சோடு அணைத்து, முதுகில் கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டான்.

அவன் கைக்கு அடியில், அவள் விலா எலும்புகளுக்குப் பின்னாலிருந்து, சின்னச் சின்ன உள்ளங்கைகள் தட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவது போல. எல்லாரும் ஒரே நேரத்தில்.