கட்டிலுக்குக் கீழே ஒரு கால்!

ட்ரிங்... ட்ரிங்...!

போலீஸ் ஸ்டேஷன் டெலிபோன் அலறியபோது காலை மணி பதினொன்று. இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தார்.

"சார்... பொணம்... கால்... கட்டில்...!"

"மூணையும் கோத்து ஒரே வாக்கியமாச் சொல்லுங்க."

"கட்டிலுக்குக் கீழே ஒரு பொணத்தோட கால் தெரியுது சார்!"

"கால் மட்டுமா? முழு ஆளா?"

"முழுசாப் பார்க்கத் தைரியம் வரலை! கதவை வெளித் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தெருவுல நிக்கறேன். உள்ளே அந்தம்மா இருக்கு. கொலைகாரி சார்!"

போன் செய்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஓர் அறக்கட்டளைக்காக, வீடு வீடாகப் போய் நிலைமையைப் பார்த்து வருகிற வேலை. சம்பளம் கிடையாது. சந்தேகம் மட்டும் உண்டு! நூறு பேரைச் சலித்து இரண்டு பேரை நிறுத்துவதால் அவருக்குப் பட்டப்பெயர் சல்லடை.

சல்லடைக்கு இரண்டு பழக்கங்கள்.

பிள்ளை இல்லாத நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குப் போவார். பிள்ளையை எதிரே நிறுத்திக்கொண்டு 'மூணு வேளையும் சாப்பிடறீங்களா' என்று அம்மாவைக் கேட்பது பாவம் என்பார். அந்த வகையில் நல்ல மனுஷர்.

அடுத்தது, பிள்ளை எழுதி அனுப்பிய விண்ணப்ப உறையை, வீட்டைப் பார்த்து முடிக்கும்வரை பிரிக்கவே மாட்டார். மேலே எழுதிய முகவரி போதும். 'காகிதத்தை முதல்ல படிச்சா, கண்ணு அதைத்தான் பார்க்கும்' என்பது அவர் கட்சி.

இந்த இரண்டாவது பழக்கம்தான் இன்றைக்கு வம்பில் மாட்டிவிட்டது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்தார். பின்னால் ஏட்டு இறங்கினார். அவருக்குக் குதிக்கிற வயதில்லை.

"நான் கண்ணைக் கூட சிமிட்டலை சார்!" சல்லடை நடுங்கினார். "இது இஸ்திரிக்காரங்க வீடு. பொண்ணு பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்னு அந்தம்மா சொல்லுச்சு. மேலே படிக்க எங்ககிட்ட உதவி கேட்டிருக்கு. விசாரிக்க வந்தேன். வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டா, போய்ச் சேர்ந்துட்டார்னு அந்தம்மா அழுதுச்சு. என் கண்ணும் கலங்கிடுச்சு. கையிலிருந்த பேனா விழுந்து கட்டிலுக்கு அடியில உருண்டுது. குனிஞ்சேன்..."

"கால்!"

"ஆமா! தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. பேனாவை எடுத்து உள்ளங்காலைக் குத்தினேன்... அசையலை! பேனாவை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்!"

தாழ்ப்பாள் திறந்தது.

ஒரே ஓர் அறை. ஒரு கட்டில். ஒரு மேஜை. அதன்மேல் புகைகிற இஸ்திரிப் பெட்டி. கயிற்றில் பளபளவென்று சட்டைகள். சுவரோரமாக வரிசையாகத் துணி மூட்டைகள். நெருக்கக் கம்பி போட்ட சின்ன ஜன்னல். வேறு வாசலே கிடையாது. நடுவில் இஸ்திரிக்காரம்மா, முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். ஏட்டு முட்டி மடக்கி, கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

"சார்...!"

"என்னய்யா?"

"ஒண்ணுமே இல்ல சார். ஒரு பேனாதான் கிடக்கு!"

"என் பேனா!" என்று கத்தினார் சல்லடை. "பொணம் எங்கே?!"

பூட்டிய அறை. ஒரே கதவு. கதவுக்கு வெளியே சல்லடை.

பிணம் மாயம்!

"ஏம்மா, பொணத்தை என்ன பண்ணே?"

"பொணமா? ஐயோ, இந்த வீட்ல நானும் என் பொண்ணும் தவிர யாருமே இல்லீங்க!"

"வீட்டுக்காரர் எப்ப இறந்தார்?"

"மூணு வருஷமாச்சு."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் விளிம்பில் இருந்த ஷேவிங் பிரஷ்ஷை எடுத்தார். நுரை இன்னும் காயவில்லை.

"செத்தவர் இன்னைக்குக் காலைல ஷேவ் பண்ணிக்கிட்டாரா?"

"அவர் ஞாபகமா... தினமும் நனைச்சு வைப்பேங்க."

"நுரையோடவா?"

"சோப்பு இல்லாம நனைச்சா அவருக்குப் பிடிக்காதுங்க!"

சல்லடைக்கே வியர்த்தது. இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. சுற்றினால் உட்காருவதுதானே வழி? சுவரோரம் இருந்த பெரிய மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சார், அதுல உட்காராதீங்க!" என்று பதறினாள் இஸ்திரிக்காரம்மா.

"பரவாயில்லம்மா. மெத்துமெத்துன்னு இருக்கு."

"ஹுக்!"

"யாரது?!"

"நான்தாங்க. விக்கல்!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். நூலகத்தில் இருந்த மகள், தெருவில் ஜீப்பைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். ஏட்டைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா... மாமா சொன்னதைச் செஞ்சே முடிச்சுட்டீங்களா?"

"பாப்பா, நீ சும்மா இரு!"

"சார், ஒரு நிமிஷம்." மகள் மூட்டைகளுக்கு முன்னால் மெல்ல நடந்தாள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். "துணி எடுத்துட்டு வர்றதும், மூட்டை கட்டறதும் எங்கப்பா. அவர் போட்டா முடிச்சோட காது ரெண்டும் உள்ளே மடிஞ்சிருக்கும். இதோ, ஏழும் அப்படித்தான் இருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கற எட்டாவது மூட்டையில மட்டும் காது வெளியே நீட்டிட்டு இருக்கு. அது அம்மா போட்ட முடிச்சு."

"அதனால?"

"எல்லா மூட்டையும் கட்டறவர், ஒரே ஒரு மூட்டையைத்தான் தானே கட்ட முடியாது சார்."

"எதை?"

"தான் உள்ளே இருக்கறதை!"

இன்ஸ்பெக்டர் விருட்டென்று எழுந்தார். மகள் முடிச்சை இழுத்தாள். போர்வை விரிந்தது.

உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் நுரைத் துணுக்கோடு... இஸ்திரிக்காரர்!

"வணக்கம்ங்க" என்றது பிணம்.

ஏட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

"யோவ்! பேனாவால குத்தினேனே, ஏன்யா அசையலை?" சல்லடை சீறினார்.

"குத்தலைங்க, கிச்சுகிச்சு மூட்டினீங்க! சிரிப்பை எப்படி அடக்கினேன்னு எனக்குத்தான் தெரியும்."

"எதுக்குய்யா இந்தக் கூத்து?"

இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "என் மச்சான் எல்லாம் தெரிஞ்சவன்ங்க. அப்பா இல்லாத பிள்ளைக்குத்தான் படிப்பு உதவி கிடைக்கும்னு அடிச்சுச் சொன்னான். இவ என்னை மாதிரி இந்தப் பெட்டியைத் தேய்ச்சே காலத்தைத் தள்ளக் கூடாதுங்க. இவ படிக்கணும். அதுக்கு நான் செத்தவனா இருந்தாத்தான் ஆகும்னா, இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். சல்லடையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனாலும் சல்லடை சல்லடைதானே!

"எங்க விதி ரொம்பக் கறார். பொய் சொன்ன குடும்பத்துக்கு உதவி கிடையாது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இஸ்திரிக்காரம்மா ஓவென்று அழுதாள். பதினைந்து வயதுப் பெண்ணின் எதிர்காலம், எட்டு மூட்டைக்கு நடுவில் கந்தலாகிக் கிடந்தது.

மகள் மட்டும் அழவில்லை.

"சார், நான் எழுதின விண்ணப்பத்தைப் படிச்சீங்களா?"

"வீட்டைப் பார்த்து முடிக்காமப் பிரிக்க மாட்டேன்."

"இன்னும் பார்க்கறதுக்கு என்ன சார் பாக்கி இருக்கு? எங்கப்பாவை மடிச்சு வெச்சதைக்கூடப் பார்த்துட்டீங்க. பிரிங்க சார்."

சல்லடை பையிலிருந்து உறையை எடுத்தார். கிழித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தந்தை... உயிருடன் உள்ளார்!"

"அடியே!" அம்மா அழுகையை நிறுத்தினாள். "இல்லைன்னுதானே எழுதச் சொன்னேன்? சரிம்மான்னு தலையை ஆட்டினியே!"

"தலையைத்தான்மா ஆட்டினேன். பேனாவை ஆட்டலை."

சல்லடை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திடுக்கிட்டார். முகம் வெளிறியது... சிவந்தது... அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்!

"என்ன சார்?" இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"கேள்வி பன்னிரண்டு. படிப்புக்கு இடைஞ்சலாக இருப்பது எது? பதில்: மாமா சொல்வதை அப்படியே நம்பும் என் அப்பா, அம்மா. நீங்கள் வருகிற அன்றைக்கு அப்பாவை ஒளித்து வைப்பார்கள். வீட்டில் ஒளிய ஒரே இடம்தான் உண்டு. தயவுசெய்து முதலில் கட்டிலுக்குக் கீழே பார்க்கவும். பயப்பட வேண்டாம். அவருக்குக் கிச்சுகிச்சு அதிகம்."

"முதல்லயே இதைப் படிச்சிருந்தா..." சல்லடை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஜீப்பும் வேண்டாம், ரத்தக் கொதிப்பும் வேண்டாம்! பத்து வருஷமா இந்த வேலை பார்க்கறேன். என்னையே சலிச்சுட்டா இந்தப் பொண்ணு!"

"அப்ப விதி சார்?" என்றார் ஏட்டு, மூக்கைத் துடைத்தபடி.

"பெத்தவங்க பொய் சொன்னாங்க. ஆனா அது பொய்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்காளே! அறக்கட்டளைக்கு இந்த வீட்லேர்ந்து வந்த காகிதத்துல ஒரு வார்த்தை பொய் இல்ல." சல்லடை பேனாவை உதறினார். அதே பேனா. விண்ணப்பத்தின் மூலையில் பெரிதாக ஒரு டிக் அடித்தார். "ரெண்டு வருஷப் படிப்பு, விடுதி, புத்தகம்... எல்லாம் எங்க பொறுப்பு. நல்லாப் படிம்மா."

இதுவரை அழாத மகள் இப்போதுதான் அழுதாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு, அவர் கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டாள்.

"சார், கேஸ்ல என்னன்னு எழுத?" ஏட்டு நோட்டைத் திறந்தார்.

"பிணம் கண்டெடுக்கப்பட்டது. நலமாக உள்ளது. எழுதுய்யா!"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சல்லடையும் போனார். இஸ்திரிக்காரர் தயங்கித் தயங்கி மனைவியின் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா... அப்ப நான் இனிமே உயிரோடவே இருக்கலாமா?"

"இருங்க... எதுக்கும் என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்!"