தண்ணீரில் ஓடிய சிவப்பு

வாலு இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் நிரப்பினாள். மிளகாய்ப் பொடியில் கலப்படம் இருக்கிறதா என்று வீட்டில் செய்து பார்க்க அறிவியல் டீச்சர் சொன்ன சோதனை அது.

நாலு வற்றல் மிளகாயை அவளே இடித்து, ஒரு சிட்டிகை எடுத்து முதல் டம்ளரில் தூவினாள். பொடி சோம்பேறித்தனமாக மிதந்து, மெல்ல இறங்கியது. இரண்டாவதில் அம்மா விற்கும் பொடியைத் தூவினாள். சிவப்பு நூல் நூலாகக் கீழே ஓடியது. டம்ளரைக் கழுவிக் கழுவி மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அப்படித்தான்.

பொடியை அரைத்துத் தருபவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்மா பாக்கெட் போட்டுப் பதினோரு வீடுகளுக்குக் கொடுப்பாள். 'வாலு' என்று பெயர் வைத்ததும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்த மாமாதான்.

அவர் புதுப் பொடியோடு வந்ததும் வாலு டம்ளரை நீட்டினாள்.

"மாமா, இதுல சாயம் இருக்கு."

மாமா சிரித்தார். "அடேயப்பா, விஞ்ஞானி! கொஞ்சூண்டு கலர்தான். செக்கச்செவேல்னு இருந்தாத்தானே வாங்குறாங்க?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "டேய், அப்ப உனக்குத் தெரியுமா? கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் கொடுத்தேனேடா!"

"யாருக்கு என்ன ஆச்சு? சின்னப் புள்ள பேச்சைக் கேட்டு ஆடாதக்கா. அந்தத் தண்ணியைக் கொட்டச் சொல்லு."

அம்மா வாலுவைப் பார்த்தாள். வாலு கொட்டவில்லை.

"மாடி வீட்டுப் பாப்பா இப்பத்தான் சோறு சாப்பிட ஆரம்பிச்சிருக்கும்மா. நான் போய் பாக்கெட்டைத் திருப்பி வாங்கிட்டு வரட்டுமா?"

"தனியாப் போகாதே. நானும் வரேன்."

"போங்க, போங்க! இனிமே நான் இந்த வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு!" மாமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவும் வாலுவும் வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் பாக்கெட்டை உடனே திருப்பிக் கொடுத்தார்கள். தையல்காரம்மா பாக்கெட்டை அம்மாவின் பையில் வீசினாள்.

"இதைத் திருப்பி வாங்கிட்ட. ரெண்டு வருஷமாச் சாப்பிட்டதை என்ன பண்ணுவ?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தெருவில் நிமிர்ந்து நடந்த அம்மா, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுதாள்.

"நான் சோதனையே செஞ்சிருக்கக் கூடாதாம்மா?"

"போடி லூசு," என்று அம்மா ஈரக்கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

மறுநாள் அம்மா ஒரு பை வற்றல் மிளகாய் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் காம்பு கிள்ள உட்கார்ந்தார்கள். தும்மல் மேல் தும்மல்.

"மாமா திரும்பி வருவாராம்மா?"

அம்மா அடுத்த மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"வந்தா, அவனும் உக்காந்து காம்பு கிள்ளட்டும்."