ஊசிக்குப் பயந்த மைக்செட்காரர்

"எய்ட்ஸ்! உயிரைக் குடிக்கும் எய்ட்ஸ்! இன்றே சோதித்துக்கொள்ளுங்கள்... நாளை இருப்பீர்களோ, மாட்டீர்களோ!"

தூறல் விழுந்துகொண்டிருந்த மண்சாலையில், தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிய ஆட்டோ ஒன்று அலறியபடி வந்தது. குடையை மடக்கிக்கொண்டு நடுரோட்டில் கையை நீட்டி நின்றாள் அவள். பிரேக் கிறீச்சிட்டது. சேறு தெறித்து அவள் சுடிதாரெங்கும் புள்ளி வைத்தது.

"ஏங்க, சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?"

"சாகடிக்கிறது நீங்கதான்! யாரு எழுதிக் கொடுத்தா இதை?"

"சொந்தச் சரக்குங்க." காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான், வண்டியை ஓட்டிவந்த மைக்செட்காரன். "எப்படி, உடம்பு சிலிர்க்குதுல்ல?"

"சிலிர்க்குது... கோபத்துல! முகாம் நடத்துறவளே நான்தான். இதைக் கேட்டா யாரு சோதனைக்கு வருவா? ஊரைக் காலி பண்ணிட்டு ஓடுவாங்க."

அசடு வழியச் சிரித்தான். மழைத்துளி ஒட்டிய இமைகளுக்குள் கண்களும் சேர்ந்து சிரித்தன... 'சீ! திட்ட வந்த இடத்துல என்ன வேடிக்கை?' சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. ஆலோசகர் அவள். ஊர் ஊராகப் போவாள், பேசுவாள், கூடாரம் போடுவாள். ஆனால் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் ஒருவரும் உள்ளே நுழைய மாட்டார்கள். அவள் புலம்பியதைக் கேட்டு மைக்செட்காரன் தலையைச் சொறிந்தான்.

"அதை மட்டும் தனியா வச்சா எவன் வருவான் மேடம்? சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்த்து வைங்க. காலையில பால் ஊத்துற இடத்துல வைங்க, ஊரே அங்கதான் நிக்கும். யாரு எதுக்கு வந்தாங்கன்னு எவனுக்குத் தெரியும்?"

அவள் வியந்துபோனாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாக் கேட்டு, சரின்னா மட்டும்தான் அந்தச் சோதனை" என்றாள்.

"அப்படியே ஆகட்டும்."

அதன்பிறகு அவள் பின்சீட்டிலிருந்து சொல்லச் சொல்ல, அவன் மைக்கில் பேசினான். 'மருந்து இருக்கு... தெரிஞ்சுக்கிட்டா நல்லா வாழலாம்...' அடிக்கொருதரம் கண்ணாடியில் அவன் கண்கள் அவளைத் தேடின.

"ரோட்டைப் பாருங்க!"

"ரோடு எங்க மேடம் போகப்போகுது..."

முகாமன்று பெண்கள் வந்தார்கள். ஆண்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நான் போறேன்" என்று ஆண்களில் முதல் ஆளாகச் சோதனைக்கு வந்த மைக்செட்காரன், ஊசியைக் கண்டதும் வெளிறிப்போனான்.

"விரல் நுனியில ஒரு குத்துதான்..."

"சொல்லாம குத்துங்க... ஐயோ, சொல்லிட்டே குத்துங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலைப் பிடித்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். குத்தி முடித்த பிறகும் ஏனோ அவள் விரலை விடவில்லை...

முடிவை அவனிடம் தனியே சொன்னாள். நெகட்டிவ். அவன் நேரே மைக்குக்கு ஓடினான். "எனக்கு ஒண்ணுமே இல்லைங்கோ!" ஆண்கள் விசிலடித்தார்கள். பின்னாலேயே ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி அணைத்தாள் அவள்.

"அறிவிருக்கா? அடுத்து வர்றவர் இப்படிக் கத்தலைன்னா, எல்லாரும் அவர் மூஞ்சியைத்தானே பார்ப்பாங்க!"

கூட்டம் அடங்கியது. அவன் முகம் சுண்டிப்போய் ஒயரைச் சுருட்டினான். மனசு கேட்காமல் ஆட்டோவரை பின்னால் போனாள்.

"எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கக் கூடாது. ஆனா... கத்தாம வெளிய வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. பொறந்ததுலேருந்தே எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அம்மாகிட்டேருந்து வந்தது. தினமும் மாத்திரை போடுறேன், நல்லாத்தான் இருக்கேன்."

அவன் அவளையே பார்த்தான். சுருட்டிய ஒயரைப் பின்சீட்டில் போட்டான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

'அவ்வளவுதான்... தெரிஞ்சதுதானே!' கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் திட்டியதைக் கேட்டுத் தைரியம் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, அமைதியாக வரிசையில் நின்றிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லக்கூட அவன் இல்லை. போன் செய்ய ரோஷம் விடவில்லை.

ஒரு வாரம் கழிந்து, அடைமழை பெய்த ஒரு மதியம், சுகாதார நிலைய வாசலில் அந்த ஆட்டோ நின்றது. கன்னம் ஒட்டிப்போன பெண்ணொருத்தியைக் கைத்தாங்கலாக இறக்கினான்.

"எங்க அண்ணிங்க. அண்ணன் நோயில செத்துப்போனதுக்கப்புறம் இவங்களை இவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம். என்ன நோய்னு யாரும் வாயைத் திறக்கல."

"வரமாட்டேன்னேன்மா" என்றாள் அண்ணி. "நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு வாசல்லயே உக்காந்துட்டான்."

அண்ணியை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். சோதனையில் கிருமி இருக்கிறதென்று தெரிந்ததும் அண்ணி உடைந்து அழுதாள். அவள் அண்ணியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நானும் மாத்திரை போடுறேன்க்கா..." என்றாள். அண்ணி நிமிர்ந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? இவ்வளவு நல்லா இருக்கியே!" அழுகைக்கு நடுவே ஒரு துளி நம்பிக்கை...

டாக்டரைப் பார்க்க அண்ணி உள்ளே போனதும், அவன் நின்ற வராந்தாவுக்கு அவள் வந்தாள்.

"அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசாம போனீங்க?"

"வெக்கமா இருந்துச்சுங்க. ஊரூரா மருந்து இருக்குன்னு கத்தினேன்... சொந்த அண்ணிகிட்ட சொல்லல. அதைச் செய்யாம உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" சாரலைப் பார்த்தபடி தொடர்ந்தான். "டாக்டர்கிட்ட இன்னொண்ணும் கேட்டேன். மாத்திரையை விடாம போட்டு, கிருமி தெரியாத அளவுல இருந்தா, கட்டிக்கிட்டவங்களுக்குப் பரவாதாமே?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "என் ரத்தத்துல தெரியாத அளவுலதான் இருக்கு. ஏன், பயமா?"

"எங்கம்மா கேப்பாங்கல்ல... பதில் தெரிஞ்சு வச்சுக்கணும்."

"அனுதாபப்பட்டு வர்றவங்க எனக்கு வேணாம்."

"அனுதாபமா? உங்களைப் பார்த்தா பாவமா இருக்காதுங்க... பயமாத்தான் இருக்கும்!"

சிரித்துவிட்டாள். கண்ணில் நீரும் வந்தது. "அம்மா முடியாதுன்னா?"

"அண்ணியை அனுப்பினப்போ வாயை மூடிட்டு நின்னேன். இன்னொரு தடவை நிக்க மாட்டேன்." அவன் குரல் தழைந்தது. "உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க... கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு."

மழை ஓங்கி அடித்தது. அவள் நெருங்கி நின்றுகொண்டாள்.

"எனக்கும்தான்" என்றாள். "நீ வராத இந்த ஒரு வாரத்துலதான்... எவ்வளவுன்னு தெரிஞ்சுது."