கை காட்டினால் நிறுத்துகிறவன்

என் பிறந்தநாளுக்கு என் கொழுந்தியாள் ஒரு பரிசு கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் ரேஸ் டிராக்கில் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சாயங்காலம் முழுக்க நானே ஓட்டிப் பழகலாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவளே சொல்லிக்கொடுப்பாள். கூடவே ஒரு புது வெள்ளை ஹெல்மெட். நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். தலை நரைத்த பிறகும் வேகம் என்பது எனக்கு அடுத்தவன் சமாச்சாரமாகவே இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வேனை நிறுத்திவிட்டு நானும் மனைவியும் உள்ளே நடந்தோம். கருகிய டயர் வாசனையும் ஈரப்புல் வாசனையும் கலந்து வந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒரு மெக்கானிக் மட்டும் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தியாளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காரின் மேல் சாய்ந்து நின்றாள்.

"அத்தான், உங்க பஸ் பழக்கத்த எல்லாம் இங்கயே கழட்டி வச்சிட்டு வாங்க," என்றாள்.

"கழட்டினா ஒண்ணும் மிஞ்சாது," என்றாள் என் மனைவி. "கை காட்டினா இவரு விளக்குக் கம்பத்துக்கும் நிறுத்துவாரு."

அது டெப்போவில் என்னைப் பற்றிச் சொல்கிற பேச்சு. ஸ்டாப் தாண்டி யாராவது ஓடிவந்து கை காட்டினாலும் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். எத்தனையோ மெமோ வாங்கியும் அது மாறவில்லை.

குட்டி விதிகளைச் சொன்னாள். முதல் விதி, டிராக்கில் எதற்காகவும் நிறுத்தக் கூடாது. "இங்க முன்னாடி போற வண்டிக்காரரு ஜன்னல் வழியா கை நீட்டினா, நீங்க தாண்டிப் போங்கன்னு அர்த்தம். நிறுத்துன்னு அர்த்தமே கிடையாது. கொடி காட்டறவங்க செவப்புக் கொடி ஆட்டினா மட்டும்தான் நிறுத்தணும்."

"எல்லா வளைவுலயும் ஆள் இருப்பாங்களா?"

"கடைசி வளைவுல மட்டும் இல்ல. அங்க போடற ஆளுங்க எல்லாம் கொஞ்ச நாள்ல வேற இடம் கேட்டுடறாங்க. காத்து ஜாஸ்தி, அதான்."

மெக்கானிக் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி கை துடைக்கத் தொடங்கினார்.

ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ள மைக் இருந்தது. அவளுடையதும் என்னுடையதும் ஜோடி. கண்ணுக்கெட்டுகிற தூரம்வரை கேட்குமாம். நான் ஏறி உட்கார்ந்தேன், தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது பக்கம் குட்டி ஏறினாள். அவள் ஏறியபோது கார் ஒரு நூல் சாய்ந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்கு இது இடுப்பிலேயே தெரியும். படியில் ஒரு ஆள் ஏறினால் வண்டி தாழும், இறங்கினால் எழும். கண்ணாடியைப் பார்க்காமலே நான் கணக்குச் சொல்லிவிடுவேன்.

"வெயிட்டு கூடிட்ட குட்டி."

"பேசாம பெல்ட்ட போடுங்க."

இரண்டு தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கு நடுவிலும் வாரை இழுத்து, வயிற்றில் ஒரே கொக்கியில் மாட்டினாள். மூச்சு விட மட்டும்தான் இடம் இருந்தது. என் மனைவி ஜன்னலுக்குக் குனிந்தாள்.

"ஏங்க, இவள பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்க. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

பெற்றவர்கள் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

"போலாம் ரைட்," என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தாள் குட்டி.

அந்த வண்டியை என்னவென்று சொல்வது? காலை லேசாக வைத்தாலே முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவது போல் இருந்தது. குட்டி விடாமல் பேசினாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "வளைவப் பாக்காதீங்க, வளைவு முடியற இடத்தப் பாருங்க. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும். இப்ப பிரேக். இப்ப விடுங்க. அப்படித்தான்." ஒவ்வொரு வளைவு தாண்டியதும் போலாம் ரைட். நான் சின்னப் பையன் மாதிரி சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

கடைசி வளைவில் பழைய டயர்களை அடுக்கிச் சுவராகக் கட்டியிருந்தார்கள். பின்னால் மரங்கள். மூன்றாவது சுற்றோ நான்காவதோ, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதைப் பார்த்தேன்.

கை நீட்டியபடி நின்றது.

"அங்க ஆள் இல்லன்னு சொன்னியே?"

"எங்க?"

அதற்குள் தாண்டிவிட்டோம். அடுத்த சுற்றிலும் நின்றது. சாம்பல் நிறத்தில், முகம் தெரியாமல், கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிற்கிற ஆள் மாதிரி கையை மட்டும் நீட்டிக்கொண்டு. என் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வெளிச்சம் மங்கியதும் குட்டி, "போதும் அத்தான். இப்ப பிரேக் ஆறணும். ஒரு ரவுண்டு மெதுவா சுத்திட்டு உள்ள போயிடலாம்," என்றாள்.

மெதுவாகப் போனோம். அதுதான் வினையாகிவிட்டது. வேகமாகப் போகும்போது காலை அடக்க முடிந்தது. டவுன் பஸ் வேகத்துக்கு வந்ததும், கடைசி வளைவில் அந்தக் கை நீண்டதும், என் கால் என்னைக் கேட்கவில்லை.

வண்டி நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?" குட்டியின் குரல் மைக்கில் கரகரத்தது.

"ஆள் நிக்கிறாங்க."

"யாரு? ஒருத்தரும் இல்லையே."

டயர்ச் சுவருக்குப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. இடது பக்கக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. பூட்டிக் கிடந்த அறையின் வாடை ஒன்று உள்ளே வந்தது. குட்டி சட்டென்று கதவை இழுத்துச் சாத்தினாள்.

வண்டி சாயவில்லை. யாரும் ஏறவில்லை என்று என் இடுப்பு சொன்னது. அப்போதைக்கு அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"போங்க அத்தான். சூட்டோட நிறுத்திட்டீங்க, பிரேக் கருகுது. உள்ள போகாதீங்க. இன்னொரு ரவுண்டு."

புறப்பட்டேன். ஆனால் அந்த வாடை போகவில்லை. அவளும் பேசவில்லை. ஆடிக்கொண்டே இருந்த கைகள் இப்போது முழங்காலில் கிடந்தன. ஹெல்மெட்டின் கருப்புக் கண்ணாடியில் என் ஹெல்மெட்தான் தெரிந்தது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

"குட்டி?"

"ரோட்டப் பாருங்க."

கம்பிக்குப் பின்னால் நின்று என் மனைவி கையசைத்தாள். பக்கத்து சீட்டு திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போகிற வழி என் கண்முன்னால் வந்து, கடந்து, பின்னால் போனது.

போலாம் ரைட் என்று யாரும் சொல்லவில்லை.

வார் நெஞ்சை அழுத்தியது. கொக்கியைத் திருகினால் கழன்றுவிடும், தெரியும். ஓடுகிற வண்டியிலிருந்து எங்கே போவது? ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குத் திரும்பி வந்தது. கை காட்டி நின்றது எங்கே போயிற்று என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. திறந்த கதவு எதற்காகத் திறந்தது?

கடைசி வளைவு வந்தது.

டயர்ச் சுவருக்குப் பக்கத்தில் குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

சிவப்பு ஜாக்கெட். ஹெல்மெட் கக்கத்தில். அவள் முகம், தெளிவாக, அழுகிற மாதிரி. கை நீட்டியிருந்தாள்.

ஐயோ, என் பிள்ளையை இங்கே இறக்கிவிட்டா வந்திருக்கிறேன்?

நிறுத்தினேன்.

"மறுபடியுமா? நிறுத்தாதீங்க அத்தான், சொல்றத கேளுங்க," என்றது பக்கத்திலிருந்த குரல்.

"கண்ணாடியத் தூக்கு."

"என்ன?"

"மூஞ்சியக் காட்டு."

"முதல்ல வண்டிய எடுங்க. இங்க நிக்கவே கூடாது."

எனக்கு வேறு மந்திரம் எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் கடைசி ஸ்டாப்பில் தூங்குகிறவர்களிடமும் குடித்துவிட்டுக் கிடக்கிறவர்களிடமும் சொன்னதைத்தான் சொன்னேன். "வண்டி இதுக்கு மேல போகாது. இறங்கு."

பிறகு குரல் தணிந்து, குழந்தையிடம் பேசுவது போல வந்தது. "சரி, சரி அத்தான். பதட்டப்படாதீங்க. நான் இறங்கறேன். நீங்க இந்தப் பக்கம் மாறி உக்காருங்க. நான் ஓட்டறேன்."

ஸ்டியரிங்கைக் கேட்கிறது.

அதற்கு வேண்டியது என்னவென்று அப்போதுதான் புரிந்ததாக நினைத்தேன். கொக்கி கழன்றது. கதவு திறந்தது. அது இறங்கியதும் வண்டி ஒரு நூல் எழுந்தது. ஹெல்மெட்டோடு, பானெட்டில் ஒரு கையை ஊன்றியபடி, முன்பக்கமாகச் சுற்றி என் கதவை நோக்கி வந்தது. இடது பக்கம் திரும்பினேன். சிவப்பு ஜாக்கெட் சீட்டில் இருந்தது. குட்டியின் முகம் என்னைப் பார்த்தது. கதவு சாத்திக்கொண்டது.

வண்டியை ஒடித்துத் திருப்பி மிதித்தேன்.

"அத்தான், என்ன பண்றீங்க? அத்தான், நில்லுங்க," என்று ஹெல்மெட்டுக்குள் குரல் கத்தியது. ஓடிவருகிற மூச்சும் கேட்டது. தூரம் கூடக்கூடத் தேய்ந்து, ஒரு கரகரப்பாகி, அறுந்துபோனது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். "பயப்படாத குட்டி, கூட்டிட்டு வந்துட்டேன்," என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளே வந்து நிறுத்தியதும் மனைவி ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "என்னடி இப்படி சில்லுனு இருக்க?" என்றாள். குட்டி சிரித்தாள். மெக்கானிக் எங்களை நெருங்கி வரவில்லை. தூரத்திலிருந்தே கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நடந்ததை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. என் ஹெல்மெட்டைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு வேனை எடுக்க உட்கார்ந்தேன். எங்கள் வேன் ஸ்பிரிங் நொந்துபோன கிழட்டு வண்டி. பூனை ஏறினாலும் சாயும். பின்னால் மனைவி ஏறினாள், வண்டி தாழ்ந்தது.

பிறகு குட்டி ஏறினாள்.

வண்டி சாயவில்லை.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் இடுப்பில் மறுபடி சாய்வைத் தேடினேன். சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தரம் நிறுத்தியபோது வண்டி சாயவில்லை. எழவும் இல்லை. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. பக்கத்தில் கடைசிவரை இருந்தது குட்டிதான். பிரேக் கருகுகிறதே என்ற கவலையில் பேசாமல் வந்த குட்டி. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பயந்து, வண்டியை வாங்கி ஓட்டலாம் என்று இறங்கியவளும் குட்டி. அவள் இறங்கியபோது வண்டி எழுந்தது. அதற்கப்புறம் ஒருவர் ஏறினார், வண்டி தாழவே இல்லை.

என் இடுப்பு சொன்னதை நான் கேட்கவில்லை. கண்ணை நம்பினேன்.

"ஏங்க, போலாமா?" என்றாள் மனைவி.

வேனை எடுத்தேன். வெளியே போகிற பாதை டிராக்கைச் சுற்றிக்கொண்டு, கடைசி வளைவின் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கேட்டுக்குப் போகும். கேட்டில் காவலாளி நின்றார். உள்பக்கத்துச் சின்ன கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணே, அத திறங்க. உள்ள போகணும்."

"உள்ள யாரும் இல்ல சார். லைட்டெல்லாம் அணைச்சாச்சு."

"என் கொழுந்தியா உள்ள இருக்கா."

காவலாளி டார்ச்சை வேனுக்குள் அடித்தார். "மேடம் இதோ இருக்காங்களே சார்."

"என்னங்க பேசறீங்க?" மனைவியின் குரலில் பயம். "இதோ என் தோள்ல சாஞ்சிட்டு இருக்கா. வண்டி ஓட்டி உங்களுக்கு தலை சுத்துதா?"

கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான் என்றவளிடம் நான் என்ன சொல்வேன்? உன் தோளில் சாய்ந்திருப்பது உன் தங்கை இல்லை என்றா? யார் நம்புவார்கள்? காவலாளி பெரிய கேட்டைத் திறந்து, போகச் சொல்லிக் கையசைத்தார். வேனின் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. எங்கள் வேனில் அந்த வசதி கிடையாது.

அப்போது பக்கத்து சீட்டில் கிடந்த ஹெல்மெட்டுக்குள் பச்சை விளக்கு எரிந்தது. கரகரவென்று சத்தம். அதற்குள்ளிருந்து ரொம்ப மெலிதாக, அழுது ஓய்ந்த குரல்.

"அத்தான், இங்கதான் நிக்கிறேன். கை காட்டிட்டே நிக்கிறேன். நீங்க நிறுத்துவீங்கன்னு..."

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. சிவப்பு ஜாக்கெட் கை. என் தோளை உரசாமல், மனைவிக்குத் தெரியாமல், பதமாக ஹெல்மெட்டைத் தொட்டு அந்த விளக்கை அணைத்தது.

"போலாம் ரைட்," என்றது குட்டியின் குரல், என் காதுக்குப் பக்கத்தில்.