ஆமை வீடு சேர்ந்த கதை

அன்றைய கடைசி வேலைக்காகக் கணினி மெக்கானிக் அந்த மாடிப்படியில் ஏறியபோது மழை ஓய்ந்து, மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அலைந்ததில் முதுகு ஒடிந்து போயிருந்தது. கதவைத் திறந்த பெண்ணோ அவரைவிடக் களைத்திருந்தாள். அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு சிறுமகள் நின்றாள்.

“எப்படியாவது ஓட வச்சிடுங்கண்ணா. இவங்கப்பா போறதுக்கு முன்னாடி இவளுக்காகப் பேசி வச்ச கதையெல்லாம் இதுலதான் இருக்கு. அதைக் கேக்காம தூங்க மாட்டேங்கறா. ஒரு வாரமா ரெண்டு பேருக்கும் பொட்டுத் தூக்கமில்ல.”

“மாமா, கம்ப்யூட்டருக்கு ஊசி போடுவீங்களா?”

“முதல்ல மாமாவுக்குத்தான் போடணும்டா கண்ணு.”

கட்டிலுக்கு எதிரே மேசை. அதன் முன்னே சக்கரம் வைத்த சுழல்நாற்காலி. அவர் அதில் அமர்ந்து பொத்தானை அழுத்தினார். உள்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. திரை இருண்டே இருந்தது.

ஒவ்வொரு பாகமாக விலக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அவரது வழக்கம். ‘ராம்’ நினைவகத்தைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினார். தாம் கொண்டுவந்திருந்த வேறொரு பவர் சப்ளையை இணைத்துப் பார்த்தார். இறுதியில், கதைகள் யாவும் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதை விலக்கியும் பயனில்லை.

நாற்காலி மெத்தையிலிருந்து தைல வாடை வீசியது.

“இது யாரும்மா உக்கார்ற நாற்காலி?”

“அவரோடது. படுக்க முடியாம, கடைசியில ராப்பகலா அதுலேயேதான் இருந்தாரு.”

முதுகை நிமிர்த்த மெக்கானிக் எழுந்தார்.

‘பீப்’ என்றது கணினி.

யாரும் அதைத் தொடவில்லை.

திரை ஒளிர்ந்தது. மகிழ்ச்சியோடு அவர் மீண்டும் அமர்ந்தார். அணைந்தது.

எழுந்தார். ஒளிர்ந்தது.

அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். காலி நாற்காலியின் மெத்தை மெல்ல, மிக மெல்ல, அமுங்கியது.

ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் எழுந்தது. வீட்டை முதுகில் சுமந்துகொண்டே, ஊரெல்லாம் வீடு தேடி அலைந்த ஓர் ஆமையின் கதை.

அவரது கை சட்டைப் பைக்குப் போனது. டிஸ்க் அங்கேயே இருந்தது.

கட்டிலில் படுத்திருந்த சிறுமி கேட்டாள்: “அப்பா, அப்புறம்?”

“அப்புறம் ஆமை திரும்பி வந்துச்சுடா தங்கம். இனி எங்கேயும் போகலைன்னு சொல்லிச்சு.”

தாய் மெக்கானிக்கின் காதருகே கிசுகிசுத்தாள்: “இந்தக் கதையை அவர் முடிக்கவே இல்லண்ணா. பாதியில இருமல் வந்து நிறுத்திட்டாரு.”

குழந்தை உறங்கிவிட்டாள். குரலும் ஓய்ந்தது.

டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, கருவிகளை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு அவர் இறங்கினார். வெளிக்கதவைத் திறந்துவிட அவளும் கூடவே வந்தாள். தாழ்ப்பாளில் அவள் கை வைத்தபோது மேலே ஓசை கேட்டது. நாற்காலிச் சக்கரங்கள் உருண்டன. மேசையிலிருந்து கட்டிலை நோக்கி.

“ஏம்மா, குழந்தை தனியா…” என்றார் அவர்.

அவள் ஓடவில்லை. கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள்.

“எனக்கும் தூக்கம் வருதுண்ணா. கொஞ்ச நேரம் அவரே பாத்துக்கட்டும்.”

மேலே அறை விளக்கு அணைந்தது.