தலை வழியே மாட்டும் சட்டை

கொடியில் கிடந்த குட்டிச் சட்டைகளில் மஞ்சள் சட்டை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. ஓயாத மழை, வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்தியதில் மற்றதெல்லாம் தொட்டால் சில்லென்று கையில் ஒட்டியது. இதுமட்டும் இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல. இஸ்திரிப் பெட்டியின் சூடுதான் பட்டிருக்கும், வேறென்ன, என்று தையல்காரி தன்னையே கடிந்துகொண்டு, எல்லாவற்றையும் மடித்து ஆஸ்பத்திரிப் பைக்குள் அடுக்கினாள். இஸ்திரிப் பெட்டியின் வயர் சுவரில் செருகப்படவே இல்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தாள்.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த கை. இப்போதுதான் தன் பிள்ளைக்குத் தைக்கிறது. நிறைமாதம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. பிறந்த கையோடு ஆபரேஷன்.

"தலை வழியா மாட்டுற சட்டை வேண்டாம்மா" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "நெஞ்சுல தையல் இருக்கும், கையத் தூக்கக் கூடாது. முன்னாடி திறக்கிற மாதிரி தைச்சு வைங்க."

அப்படியேதான் தைத்தாள், ஒன்றைத் தவிர. மஞ்சள் துணியை வெட்டும்போது வீம்பு வந்துவிட்டது. என் பிள்ளைக்கு மட்டும் என்ன தலையெழுத்து? முன்பக்கம் பிளவே வைக்காமல் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். "நெஞ்சு நல்லா இருக்கிற பிள்ளை வந்து இதைப் போட்டுக்கட்டும்" என்று யாருமில்லாத வீட்டில் வாய்விட்டே சொன்னாள்.

பொழுது சாயும்போது, கப்பல் வேலையிலிருந்த கணவன் போனில் கூப்பிட்டான். வாரக்கணக்கில் அவள் காதில் விழுந்த ஒரே குரல்.

"சாப்டியா? பாப்பா உதைக்குதா?"

"உங்க வாரிசாச்சே, சும்மா இருக்குமா? விலா எலும்பே போச்சு."

அவன் சிரித்தான். பிறகு, "பக்கத்துல யாரு?" என்றான்.

"யாரு வரப்போறாங்க? நான்தான், மழைதான்."

"இல்லையே... சின்னப் பிள்ளை தூங்குற மூச்சு கேக்குதே. உன் பக்கத்துலயே."

லைன் அறுந்தது. அதன்பிறகுதான் அவளுக்கும் கேட்டது: கூரையில் சடசடத்த மழைக்கும் சாக்கடையில் ஓடும் தண்ணீருக்கும் அடியில், பையிருந்த மூலையிலிருந்து, மூக்கடைத்த குழந்தை உறங்கும்போது வருகிற அந்த மெல்லிய கொறகொறப்பு. கூடவே பால் புளித்த வாசனை. இந்த வீட்டில் எந்தக் குழந்தையும் பால் குடித்ததில்லை.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. போனில் பேசியபோது உதைத்த பிள்ளை இப்போது உதைக்கவில்லை.

பை திறந்திருந்தது. மேலே மஞ்சள் சட்டை. மடிப்புக் கலைந்து, மார்பு புடைத்து. ஏறியது. இறங்கியது.

உள்ளே ஒன்றுமில்லை. கழுத்து வழியே பார்த்தாள். வெறும் துணி. ஆனால் துடிப்பு இருந்தது. ஸ்கேன் அறையில் அவள் கேட்ட, தடுக்கித் தடுக்கி ஓடும் துடிப்பு அல்ல. சீரானது. குறையே இல்லாதது.

அதன் ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் வயிறு இன்னும் கொஞ்சம் கனத்தது. கல்லாக.

கத்தரிக்கோலை எடுத்தாள். முன்பக்கத்தைக் கிழித்துவிட்டால் போதும். மற்ற சட்டைகளைப் போல ஆகிவிடும். என் பிள்ளைக்கு மூச்சு திரும்பிவிடும். "குடுத்துடு" என்றாள். "என் பிள்ளையோடதைக் குடுத்துடு."

சட்டையின் கழுத்தில் கத்தரியை வைத்தாள்.

சட்டையின் காலியான கை நீண்டது. அவள் விரலைப் பிடித்தது. சூடாக. இறுக்கமாக.

வெட்ட முடியவில்லை. ஐயோ, முடியவில்லை.

வயிற்றை அழுத்தினாள். அசைவில்லை. மறுபடி அழுத்தினாள்.

இல்லை.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. சட்டை சிணுங்கத் தொடங்கியது. பசிச் சிணுங்கல். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டும்போதே மார்பில் பால் சுரந்து நைட்டியை நனைத்தது.

ஆளில்லாத அந்தச் சட்டை, வாசனை பிடித்து, மெல்ல அவள் பக்கம் திரும்பியது.